நகச்சொத்தையும் கைவைத்தியமும்

ஆடி மாதத்தில் கைக்கும் காலுக்கும் மருதாணி வைத்துக்கொண்டவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். தோலில் பிடித்த சிவப்பு இரண்டு மூன்று வாரத்தில் மங்கிவிடும். நகத்தில் பிடித்தது மங்காது, நகர்ந்துகொண்டே போகும். நகத்தின் அடியில் வெளிறிய பிறை ஒன்று தோன்றி மாதாமாதம் அகலமாகும். கைவிரல்களில் மார்கழி வாக்கில் சிவப்பு நுனிக்கு வந்து நகவெட்டியோடு போய்விடும். கால் கட்டைவிரலிலோ அடுத்த ஆடி வந்த பிறகும் நுனியில் ஒரு செங்கீற்று மிச்சம் இருக்கும். கைநகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளர்கிறது. கால்நகம் அதில் பாதிதான். கட்டைவிரல் நகம் முழுவதும் புதிதாக வந்து சேர 12 முதல் 18 மாதங்கள் ஆகும்.

நகச்சொத்தைக்கு வீட்டிலேயே வைத்தியம் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் இந்தக் காலக்கணக்கில்தான் சறுக்குகிறார்கள். மூன்று வாரம் வேப்பெண்ணெய் தடவிவிட்டு “ஒண்ணும் கேக்கலை” என்று பாட்டிலைத் தூக்கிப் போடுகிறவர் ஒரு பக்கம். “பத்தே நாளில் நகம் பளிச்” என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர் மறுபக்கம். இரண்டு பேருமே பத்து நாளிலும் மூன்று வாரத்திலும் தெரியவே முடியாத ஒன்றைத் தெரிந்துகொண்டதாக நினைக்கிறார்கள். நகம் உயிரற்ற பொருள். பழுதான நகத்தை எந்த மருந்தும் திரும்ப நல்ல நகமாக்காது. பூஞ்சை ஒழிந்ததா இல்லையா என்பதை அடியிலிருந்து முளைத்து வரும் புது நகம்தான் சொல்ல வேண்டும். அது சொல்லி முடிக்க ஓராண்டுக்கு மேல் எடுத்துக்கொள்கிறது.

நகச்சொத்தை பெரும்பாலும் நகத்தில் ஆரம்பிப்பதில்லை. கால்விரல் இடுக்கிலோ உள்ளங்காலிலோ தோல் வெளுத்து உரிந்து அரிப்பெடுப்பதோடு ஆரம்பிக்கிறது. அங்கே குடியிருக்கும் பூஞ்சை, நகத்தின் நுனியில் தோலும் நகமும் சேரும் இடத்தில் சின்ன இடைவெளி கிடைத்தால் அடியில் புகுந்துவிடும். இறுக்கமான ஷூவோ, கல்லில் இடித்துக்கொண்டதோ, ஒட்ட வெட்டியதோ அந்த இடைவெளியைக் கொடுத்துவிடும். நகம், முடி, தோலின் மேலடுக்கு மூன்றும் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனவை. இந்தப் பூஞ்சை வகைகளுக்கு உணவே அதுதான். நுனியிலிருந்து வேரை நோக்கித் தின்றுகொண்டே போகும். நகம் மஞ்சளித்துத் தடித்து, அடியில் சுண்ணாம்புப் பொடி போல உதிர ஆரம்பிக்கும். வலி பெரும்பாலும் இருக்காது. அதனால்தான் பல வருடங்கள் யாரும் கண்டுகொள்வதில்லை.

உலகம் முழுக்க இந்த வேலையை அதிகமாகச் செய்வது டிரைக்கோபைட்டன் ரூப்ரம் என்ற பூஞ்சை. இதை 1910இல் விவரித்து எழுதியவர் ஆல்டோ காஸ்டெல்லானி என்ற இத்தாலிய மருத்துவர். அப்போது அவர் வேலை பார்த்தது கொழும்பில். 1903 முதல் 1915 வரை அங்கே வெப்பமண்டல நோய்களுக்கான மருத்துவமனையை நடத்தினார். தொடை இடுக்கில் வரும் படையிலிருந்து இந்தப் பூஞ்சையைப் பிரித்தெடுத்தார். அவர் பெயரில் உள்ள கருஞ்சிவப்பு மருந்துப் பூச்சு பல தலைமுறைகளாகத் தோல் மருத்துவர்கள் கையில் இருந்தது. இந்தப் பூஞ்சையின் ஊர் எது என்று தேடியவர்கள் தென்கிழக்கு ஆசியாவையும் மேற்கு ஆப்பிரிக்காவையும் காட்டுகிறார்கள். வெறுங்காலோடு நடந்த அந்த ஊர் மக்களுக்கு அது உடம்பில் படையாக வந்ததே தவிரக் கால்நோயாக இல்லை என்றும், பூட்ஸ் மாட்டிக்கொண்டு வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களின் காலில்தான் அது பாதத்துக்கும் நகத்துக்கும் இறங்கியது என்றும், அவர்களோடுதான் கப்பலேறியது என்றும் கருதுகிறார்கள். ஷூவுக்குள் இருக்கும் வெக்கையும் ஈரமும் இல்லாமல் இந்த நோய் இவ்வளவு பெரிதாகியிருக்காது. இன்றைக்கு நம் பிள்ளைகள் காலை எட்டு மணிக்கு மாட்டும் சாக்ஸை மாலைதான் கழற்றுகிறார்கள்.

வைத்தியத்துக்குப் போவதற்கு முன் ஒரு கேள்வி. அது பூஞ்சைதானா? பழுதான கால்நகங்களில் ஏறக்குறைய பாதிதான் பூஞ்சையால் வந்தவை. மீதிப் பாதிக்கு வேறு காரணங்கள்: சொரியாசிஸ், லைக்கன் பிளானஸ், வயது, ரத்த ஓட்டக் குறைவு, அளவு சரியில்லாத செருப்பும் ஷூவும் வருடக்கணக்கில் இடித்தது. இந்தப் பாதியில் இருக்கிற ஒருவர் ஒரு வருடம் பூண்டை அரைத்துக் கட்டினாலும் பலன் பூஜ்யம்தான். வைத்தியத்தைக் குறை சொல்லிப் பயனில்லை, நோயே வேறு.

பச்சையாகிப்போன நகம் இன்னொரு கதை. அது பூஞ்சையே அல்ல, சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா. ஈரத்தில் கை வைத்தே வேலை செய்கிறவர்களுக்கு நகம் தூக்கிக்கொண்ட இடத்தில் வரும். இதற்கு நீர்த்த வினிகர் உண்மையிலேயே உதவும், மருத்துவர்களே சொல்வார்கள். நகப்பூஞ்சைக்கு வினிகர் கேட்டது என்று சத்தியம் செய்கிறவர்களில் சிலருக்கு இருந்தது இதுவாகவே இருக்கலாம் என்பது என் ஊகம். நகத்தைச் சுற்றி வீங்கிச் சீழ் கோக்கும் நகச்சுற்றும் வேறு. எலுமிச்சம்பழத்தில் துளை போட்டு விரலைச் செருகி வைப்பார்களே, அது அந்த நோய்க்கு. நகத்தடியில் கறுப்பாகவோ பழுப்பாகவோ ஒரு கோடு விழுந்து அகலமாகிக்கொண்டே வந்தால் அதை யாரும் வீட்டில் வைத்துக்கொண்டு பார்க்கக் கூடாது. பாடகர் பாப் மார்லியின் கால்விரலில் 1977இல் கண்டுபிடிக்கப்பட்டது மெலனோமா என்ற புற்றுநோய். கால்பந்து ஆடியபோது பட்ட அடி என்றுதான் முதலில் நினைத்தார்கள். 1981இல் இறந்தபோது அவருக்கு வயது 36.

இனி சமையலறைக்கு வருவோம். பூண்டு, மஞ்சள், வேப்பிலை, தேங்காய் எண்ணெய், மருதாணி, வினிகர், ஊருக்கு வெளியே மஞ்சள் பூக்கொத்தோடு நிற்கும் சீமை அகத்தி... பட்டியல் நீளம். இவற்றைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். எல்லாம் பித்தலாட்டம் என்கிறவர்கள் உண்டு. எல்லாம் விஞ்ஞானம் ஒப்புக்கொண்டது என்கிறவர்களும் உண்டு. இரண்டாமவர்கள் சொல்வதில் பாதி உண்மைதான். பூண்டை நசுக்கும்போது உண்டாகும் அல்லிசின் பூஞ்சையைக் கொல்லும். மருதாணியின் நிறப்பொருளான லாசோன், கெரட்டினோடு ஒட்டிக்கொள்வதால்தான் நகம் சிவக்கிறது. அதற்கும் பூஞ்சையைத் தடுக்கும் குணம் உண்டு. தேங்காய் எண்ணெயிலுள்ள லாரிக், காப்ரிலிக் அமிலங்களுக்கும் உண்டு. வேம்புச் சாற்றில் டிரைக்கோபைட்டன் வளராமல் நின்றதை ஆய்வகங்களில் பார்த்திருக்கிறார்கள். சீமை அகத்தி இலையை அரைத்துப் படர்தாமரைக்குப் போடுவது தோல் அளவில் பொருளுள்ள வைத்தியம்தான். அதில் இருக்கும் ஆந்த்ரகுவினோன் வகைப் பொருள்கள் சும்மா இருப்பவை அல்ல.

ஆனால் இவையெல்லாம் பூஞ்சையைக் கொன்றது கண்ணாடித் தட்டில். தட்டில் பூஞ்சை திறந்து கிடக்கிறது, மருந்து நேராக அதன் மேல் விழுகிறது. கால்விரலில் இரண்டுக்கும் நடுவே நகம் இருக்கிறது. தோலின் உயிரற்ற மேலடுக்கு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கோ இரண்டு பங்கோதான் கனம். கால்நகம் ஒரு மில்லிமீட்டரை நெருங்கும், சொத்தை பிடித்துத் தடித்துவிட்டால் அதையும் தாண்டும். கனம் மட்டும் அல்ல, குணமும் வேறு. தோலின் மேலடுக்கில் கொழுப்பு பத்து சதவீதம் அளவுக்கு இருப்பதால் எண்ணெயில் கரையும் பொருள்கள் அதன் வழியாக இறங்கிவிடும். நகத்தில் கொழுப்பு ஒரு சதவீதத்தைத் தாண்டாது. நகம் தண்ணீரை உறிஞ்சி ஊறும்; தண்ணீரில் கரையும் சின்ன மூலக்கூறுகளுக்கு ஓரளவு வழிவிடும்; எண்ணெய்க்கு வழிவிடாது. கைவைத்தியத்தில் முக்கால்வாசி எண்ணெய்.

எப்படியோ கொஞ்சம் உள்ளே போனாலும் பாதி வழியில் கெரட்டின் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதையும் மீறிப் போய்ச் சேர்ந்தால் அங்கே பூஞ்சை இழை இழையாகத் தனித்தனியே கிடப்பதில்லை. சிலருடைய நகத்தில் மஞ்சளாக, நீளவாக்கில் ஓர் ஆப்பு இறங்கியது போல் தெரியும். பூஞ்சையும் பொடிந்த நகமும் இறுகிய கட்டி அது. மாத்திரை சாப்பிட்டாலும் மருந்து அதற்குள் சரியாக நுழையாது. சாதாரண இழைகள் செத்தாலும், கெட்டியான உறை போட்டுக்கொண்டு தூங்கும் வித்துகள் காத்திருக்கும். சமையலறைப் பொருள்கள் தோற்பது பூஞ்சையிடம் அல்ல, நகத்திடம்.

உண்மையில் மனிதர்களிடம் சோதிக்கப்பட்ட கைவைத்தியங்கள் சொற்பம். அதிகம் மேற்கோள் காட்டப்படுவது டீ ட்ரீ ஆயில். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பகுதி மரம் ஒன்றின் இலையிலிருந்து வடிப்பது. 1994இல் அமெரிக்காவில் 117 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குச் சுத்தமான டீ ட்ரீ ஆயிலும் இன்னொன்றுக்கு ஒரு சதவீத குளோட்ரிமசோல் திரவமும் தினம் இரு வேளை ஆறு மாதம் கொடுத்தார்கள். முடிவில் இரண்டு பிரிவிலும் ஏறக்குறைய 60 சதவீதம் பேருக்கு நகம் முழுதாகவோ கொஞ்சமாகவோ தேறியிருந்தது. பரிசோதனைத் தட்டில் பூஞ்சை வளராமல் போனது எண்ணெய்ப் பிரிவில் 18 சதவீதம் பேருக்கு, மருந்துப் பிரிவில் 11 சதவீதம் பேருக்கு.

இதை வைத்துத்தான் ‘ஆங்கில மருந்துக்குச் சமம்’ என்று பாட்டிலில் அச்சடிக்கிறார்கள். சமம்தான், மறுக்கவில்லை. ஆனால் குளோட்ரிமசோல் தோலில் வரும் படைக்கான மருந்து. நகத்துக்குள் அது இறங்காது என்பது தோல் மருத்துவர்கள் எல்லாருக்கும் தெரியும். இரண்டு பேர் ஒரே மதிப்பெண் வாங்கியிருக்கிறார்கள், இருவருமே ஃபெயில். இந்த ஆய்வில் பூஞ்சையை ஒன்றும் செய்யாத வெறும் திரவத்தைத் தடவிய மூன்றாவது பிரிவு ஒன்று இருந்திருந்தால் இன்னும் தெளிவு கிடைத்திருக்கும். அது இல்லை.

விக்ஸுக்கு வருகிறேன். சளிக்கு நெஞ்சில் தடவுகிற அதே விக்ஸ் வேபோரப். அதில் கற்பூரம், மென்தால், யூகலிப்டஸ் தைலம், கொஞ்சம் தைமால் எல்லாம் இருக்கின்றன. 2011இல் வெளியான ஒரு சிறு ஆய்வில் 18 பேர் 48 வாரங்கள் தினமும் அதை நகத்தில் பூசினார்கள். ஐந்து பேருக்கு நோய் முழுதாகப் போனது. பத்துப் பேருக்குக் கொஞ்சம் தேறியது. மூன்று பேருக்கு ஒன்றும் ஆகவில்லை. பதினெட்டுக்கு ஐந்து என்பது ஏறக்குறைய 28 சதவீதம். சட்டென்று பார்த்தால் பிரமாதம். விலை உயர்ந்த சில நகப்பூச்சு மருந்துகளையே மிஞ்சுகிறது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க எதிர்ப்பிரிவு இல்லை, ஆட்களும் குறைவு. ஓராண்டு முழுக்க ஒருவர் தினம் தன் கால்நகத்தைக் குனிந்து பார்த்து, கழுவித் துடைத்து, எதையோ பூசினாலே கொஞ்சம் தேறும். எஃபினகோனசோல் என்ற நகப்பூச்சு மருந்தின் பெரிய சோதனைகளில், மருந்தே கலக்காத வெறும் திரவம் பூசியவர்களிலும் 3 முதல் 6 சதவீதம் பேருக்கு முழுதாகச் சரியானது. ஆனாலும் கைவைத்தியங்களில் எதையாவது ஒன்றைச் செய்தே ஆக வேண்டும் என்று அடம்பிடிக்கிறவருக்கு நான் விக்ஸைத்தான் காட்டுவேன். வீட்டில் இருக்கிறது, மலிவு, பெரிய கெடுதல் இல்லை.

மருத்துவர் தரும் மருந்துகளும் இங்கே பெரிய சூரர்கள் இல்லை என்பதைச் சொல்லாமல் விட்டால் அது நியாயமாக இராது. எஃபினகோனசோலைத் தினம் ஒரு தடவை 48 வாரம் பூசினால் முழுக் குணம் 15 முதல் 18 சதவீதம் பேருக்குத்தான். சைக்ளோபிராக்ஸ் நகப்பூச்சில் அது 10 சதவீதத்தைத் தொடாது. டெர்பினாஃபின் மாத்திரை நன்றாக நிற்கிறது: தினம் 250 மில்லிகிராம் வீதம் 12 வாரம் சாப்பிட்டால் 70 சதவீதம் பேருக்குப் பூஞ்சை ஒழிகிறது, 38 சதவீதம் பேருக்கு நகமும் முழுதாகத் தெளிகிறது. மாத்திரை ஜெயிப்பதற்குக் காரணம் அது வெளிச்சுவரோடு மோதுவதே இல்லை. ரத்தத்தின் வழியாக நகப்படுகைக்கும் நகவேருக்கும் வந்து, முளைக்கும்போதே புது நகத்துக்குள் சேர்ந்துவிடுகிறது. மாத்திரையை நிறுத்திய பிறகும் பல மாதங்கள் நகத்தில் தங்கியிருக்கும். அப்படியும் குணமானவர்களில் நாலைந்து பேருக்கு ஒருவருக்குத் திரும்ப வருகிறது.

“அந்த மாத்திரை லிவரைக் கெடுக்கும்” என்ற பயம்தான் பலரை வேப்பெண்ணெய்ப் பக்கம் தள்ளுகிறது. பயத்தில் பொருள் உண்டு, அளவு இல்லை. கல்லீரல் பாதிப்பு அரிது, ஆனால் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. அதனால்தான் தொடங்கும் முன் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள், ஏற்கெனவே கல்லீரல் நோய் உள்ளவர்களுக்குக் கொடுப்பதில்லை. நாக்கில் ருசி கெடுவது இன்னொரு பக்கவிளைவு. பெரும்பாலும் சில மாதங்களில் திரும்பிவிடும் என்றாலும் சமைக்கிறவர்களுக்கு அது பெரிய தொல்லை. கீட்டோகோனசோல் மாத்திரை விஷயம் வேறு. கல்லீரலுக்கு ஆபத்து என்பதால் அதை நகத்துக்குக் கொடுக்கவே கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013இல் எச்சரித்தது.

வீட்டிலேயே செய்யக்கூடியவற்றில் உண்மையிலேயே பலன் தருவது எண்ணெயோ இலையோ அல்ல, அரம். தடித்த நகத்தை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, தூக்கி நிற்கும் பகுதியை வெட்டி, மேல்பரப்பை நகம் தேய்க்கும் அட்டையால் வாரம் ஒருமுறை மெலியத் தேய்ப்பது. பூஞ்சையின் பெரும்பகுதி அப்போதே குப்பைக்குப் போகிறது, மிச்சத்துக்கும் மருந்துக்கும் நடுவிலுள்ள தூரமும் குறைகிறது. 40 சதவீத யூரியா களிம்பு நகத்தை மாவாக இளக்கும். மருந்தோடு சேர்த்து மருத்துவர்கள் பயன்படுத்துவார்கள், கேட்டு வாங்கலாம். தேய்த்த அட்டையை வேறு நகத்துக்கோ வேறு ஆளுக்கோ கொடுக்கக் கூடாது. விரலிடுக்கில் படை இருந்தால் அதற்குத் தனியாக மருந்து போட்டே ஆக வேண்டும். அது இருக்கும் வரை நகத்துக்குச் செய்வதெல்லாம் வீண். சாக்ஸ் தினமும் மாற்றுவது, ஷூவை ஒருநாள் விட்டு ஒருநாள் காயவைப்பது, வீட்டில் இன்னொருவர் காலையும் பார்ப்பது எல்லாம் உங்களுக்கே தெரிந்ததுதான். மாதம் ஒருமுறை அதே வெளிச்சத்தில் செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். மூன்று மாதத்தில் நகத்தின் அடியில் நான்கு மில்லிமீட்டராவது சுத்தமான புது நகம் வந்திருக்க வேண்டும். வரவில்லையென்றால் நீங்கள் செய்துகொண்டிருப்பது வேலை செய்யவில்லை.

கெடுதல்களையும் சொல்லிவிடுகிறேன். பச்சைப் பூண்டை அரைத்துக் கட்டித் தோல் வெந்து கொப்புளம் வந்தவர்கள் மருத்துவ இதழ்களில் இருக்கிறார்கள். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் தீக்காயம் போலக் கறுத்துப் புண்ணாகும். பிளீச்சிங் தண்ணீரில் காலை ஊறவைப்பதைப் பற்றி எழுதவே தேவையில்லை. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்தக் கட்டுரையில் சொன்ன வீட்டு வேலைகள் எதுவும் பொருந்தாது. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அவர்களில் பலருக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும். தண்ணீர் சுடுவதும் வினிகர் எரிவதும் அரம் கீறியதும் தெரியாது. நகச்சொத்தை அவர்களுக்கு அழகுப் பிரச்சினை அல்ல. தடித்த நகம் பக்கத்து விரலைக் குத்திப் புண்ணாக்கினால், அந்தப் புண் எங்கே கொண்டுபோய் விடும் என்பது நம் ஊரில் எல்லாக் குடும்பங்களுக்கும் தெரியும்.

கைவைத்தியத்தைவிட எனக்குப் பெரிய கவலை மெடிக்கல் ஷாப் வைத்தியம். “அண்ணே, கால்ல படை, நகமும் போச்சு, ஒரு கிரீம் குடுங்க” என்றால் பல கடைகளில் கையில் வருவது பூஞ்சை மருந்தும் கடுமையான ஸ்டீராய்டும் கலந்த ட்யூப். ஸ்டீராய்டு அரிப்பை இரண்டே நாளில் அடக்கிவிடும். பூஞ்சையோ உடம்பின் எதிர்ப்பு தளர்ந்த தைரியத்தில் பரவும். இந்தப் பழக்கமும் அரைகுறை மருந்தும் நிறைந்த இந்தியாவில்தான் டெர்பினாஃபினுக்கு மசியாத தோல்பூஞ்சை ஒன்று பெருகியது. 2020இல் அதற்கு டிரைக்கோபைட்டன் இண்டோட்டினியே என்று நம் நாட்டுப் பெயரையே சேர்த்து வைத்துவிட்டார்கள். பூண்டால் கெடுவது ஒருவர் கால். இந்த ட்யூபால் கெடுவது நாளைக்கு எல்லாருக்கும் தேவைப்படப்போகும் மருந்து.

ஆகவே தடவ ஆரம்பிப்பதற்கு முன்பே தோல் மருத்துவரிடம் போய் நகத்துண்டைப் பரிசோதிக்கக் கேளுங்கள். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு நுண்ணோக்கியில் பார்ப்பது சீக்கிரம் முடியும் வேலை. வளர்த்துப் பார்ப்பதற்கு மூன்று நான்கு வாரம் ஆகலாம். ஏற்கெனவே எதையாவது பூசிக்கொண்டிருந்தால், அது எண்ணெயானாலும் களிம்பானாலும், எத்தனை வாரம் முன்பே நிறுத்த வேண்டும் என்று கேட்டு நிறுத்திவிட்டுப் போங்கள். நகத்தின் மேற்பரப்பில் மருந்து ஊறியிருந்தால் அடியில் பூஞ்சை உயிரோடு இருந்தாலும் தட்டில் வளராது, ‘பூஞ்சை இல்லை’ என்று ரிப்போர்ட் வந்துவிடும்.